அலம்பாத கை

என் மகள் காலேஜ் போகிறாள். எங்கள் வீட்டில் அவள்தான் முதல். கும்மிடிப்பூண்டியில் காலை ரயிலைப் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். பரீட்சை வந்தால் சத்தமாகப் படிப்பாள். வீடு ஒற்றை அறை. அவள் படிப்பதெல்லாம் என் காதிலும் விழும். இங்கிலீஷில் படித்துவிட்டு, புரிந்ததா என்று பார்க்கத் தமிழில் தனக்கே சொல்லிக்கொள்வாள். கிரேக்க நாட்டுப் பழைய கதைகளைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அது அப்படித் தெரிந்ததுதான்.

அந்தக் கதைகளில் எதைப் பெரிதாக நினைத்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பது கேள்வியாம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"அம்மா, ஊட்டுக்கு எவன் வந்தாலும் மொதல்ல சோறு போட்டுட்டு அப்பறந்தான் பேரு கேப்பாங்களாம். சாமியே பிச்சக்காரன் மாதிரி வருமாம்."

"ம்."

"பேரு நிக்கணும்னா சாவக்கூட ரெடியாம். செத்தவன் பேருக்குப் பந்தயம் வெப்பாங்களாம். ஓட்டம், மல்லுக்கட்டு எல்லாம். ப்ரைஸ்கூட உண்டு. சாவுல போயி இன்னாம்மா வெளையாட்டு?"

"நம்ம பக்கமும் உண்டு" என்றேன்.

சிரித்தாள். "இன்னொண்ணு கேளு. அவமானத்துக்குப் பயப்படறது நல்ல கொணமாம். அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தையே வெச்சிருக்காங்க."

அந்தக் குணம் எனக்குப் பன்னிரண்டு வயதில் நிறைய இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான். வளர்த்து எழுத வராது.

எங்கள் ஊருக்குப் புதுவாயலில் இறங்கி உள்ளே போக வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா முன்பு வயலில் கூலி. பிறகு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றினார். பேச்சு குறைவு. யாராவது திட்டினால்கூட அவர் முடிக்கிறவரை நின்று கேட்டுவிட்டு வருவார். ஊரில் அவரை வாயில்லாப் பூச்சி என்பார்கள். எனக்கு அது அப்போதே பிடிக்காது.

அண்ணன் அப்படி இல்லை. அண்ணன் கபடி. ரெய்டு போனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பின்னால் நகருவார்கள். அவன் நடந்து போனால் சின்னப் பிள்ளைகள் அவன் நடையை நடந்து பார்ப்பார்கள். எனக்கும் ஊரில் ஒரு மரியாதை இருந்தது என்றால் அவன் தங்கச்சி என்பதால்தான்.

ஒரு காணும் பொங்கல் அன்று மீஞ்சூர்ப் பக்கத்து ஊரில் ஆடப் போனான். ரெய்டில் ஒருத்தன் அவன் காலைப் பிடித்தான். மேலே நாலு பேர் விழுந்தார்கள். எழுந்தபோது அண்ணன் மட்டும் எழவில்லை. கழுத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

விளையாட்டில் நடந்தது என்று எழுதிக் கேசை முடித்தார்கள். எங்கள் ஊர்ப் பசங்க முடிக்கவில்லை. காலைப் பிடித்தவன் பேர் ஏழுமலை. வேண்டுமென்றே செய்தான் என்று பசங்க சொன்னார்கள். நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் யாரும் அவனைப் பார்த்ததில்லை. சாவுக்கு அவன் வரவில்லை. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டான். ஒரு வருசம் நான் படுக்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு முகம் செய்துகொண்டேன். மீசை, சிவந்த கண், கறுத்த உதடு.

அடுத்த காணும் பொங்கலுக்கு அண்ணன் பேரில் நினைவுக் கோப்பை என்று பசங்க அறிவித்தார்கள். கோப்பையும் ஒரு ஆட்டுக் கடாவும் பரிசு. துணியில் அண்ணன் படம் வரைந்து இரண்டு மூங்கிலில் கட்டினார்கள். மூக்கு சரியாக வரவில்லை. ஆனாலும் ரோட்டில் போகிற லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். முதல் ஆட்டத்தில் எங்கள் ஊர் ஏழு பேருக்குப் பதிலாக ஆறு பேர்தான் இறங்குவது, அண்ணன் இடத்தைக் காலியாக விடுவது என்று முடிவு. பரிசை நைனா கையால் கொடுக்க வேண்டும்.

டீம் கேப்டன் சேகர். அண்ணனின் கூட்டாளி. சுற்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்தவன் ஏழுமலை ஊருக்கும் கொடுத்தான்.

"அவனுங்களுக்கு எதுக்குடா?" என்று யாரோ கேட்டதற்கு, "வரட்டும். வந்தாதானே பாக்க முடியும்" என்றானாம். இதைக் கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம். நைனா செய்யாததைச் சேகர் செய்வான் என்று இருந்தேன்.

அன்று காலை வீட்டில் படையல். அண்ணன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, முட்டை, வடை, சோறு, புதுச் சட்டை ஒன்று. காக்காய்க்குச் சோறு வைத்தோம். காக்காய் தொடாமல் வீட்டுக்காரர்கள் வாயில் வைக்கக் கூடாது. மைதானத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட சத்தத்தில் ஊரில் ஒரு காக்காய் இல்லை.

காக்காய் வராவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வாசலுக்கு வருகிற முதல் ஆளைக் கூப்பிட்டுப் படையல் இலையிலேயே உட்கார வைக்க வேண்டும். செத்தவனே அந்த உருவத்தில் வந்து சாப்பிடுகிறான் என்று கணக்கு. வந்தவன் ஒரு வாய் வைக்கும்வரை அவனை எந்த ஊர், என்ன பேர் என்று கேட்கக் கூடாது. கேட்டால் செத்தவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான்.

ஆள் யாரும் வரவில்லை. ஊரே மைதானத்தில். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசி.

அப்போது வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். நெட்டையாக, ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில். கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழம். மீசை சரியாக முளைக்கவில்லை.

"கபடி ஆடுவாரே... அவரு ஊடு இதானுங்களா?"

"இதாம்பா. உள்ள வா" என்றார் நைனா. "குந்து."

"இல்ல பெரிப்பா, ஒரு விசயம் சொல்லணும்..."

"விசயம் எங்க ஓடிப் போவுது? மொதல்ல ஒரு வாய் சாப்டு."

"இல்ல பெரிப்பா..."

"தெவசத்து எல. வேணான்னு சொல்லக் கூடாது. குந்து."

அவன் படத்தைப் பார்த்தான். இலையைப் பார்த்தான். பழப் பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினான். பசியோடு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நான்தான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தேன். நான்தான் குழம்புச் சட்டியை அம்மா கையில் எடுத்துக் கொடுத்தேன். அவன் சீக்கிரம் சாப்பிட்டால் நான் சீக்கிரம் சாப்பிடலாம்.

ஒரு வாய் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரமா கீதா?" என்றாள் அம்மா.

தலையை ஆட்டினான். இல்லை என்றா, ஆமாம் என்றா, தெரியவில்லை.

இனிமேல் கேட்கலாம். நைனா கேட்டார். "எந்த ஊருப்பா?"

ஊரைச் சொன்னான். ஒரு வருசமாக எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்காத ஊர்.

"பேரு?"

"ஏழுமல."

அம்மா கையில் கரண்டி நின்றுவிட்டது. குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. குழாயில் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

அவன் இலையிலிருந்து எழாமல் அப்படியே சாய்ந்து, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நைனா முட்டியைப் பிடித்தான்.

"நான் வேணும்னு பண்ல பெரிப்பா. காலத்தான் புட்சேன். எல்லாரும் புடிக்கிறதுதான். மேல வுழுந்துட்டாங்க. அன்னிக்கே வர்லாம்னு பாத்தேன், எங்க ஊட்ல வுடல. ஒரு வருசமா கோட்டுப் பக்கமே போவல. இன்னிக்கு எங்க டீம் டெம்போவுல வந்து, அவங்களுக்குத் தெரியாம ஓடியாந்துட்டேன். நீ அட்ச்சாலும் சரி."

நான் நைனா முகத்தைப் பார்த்தேன். இப்போது அடிப்பார் என்று இருந்தேன். மூலையில் கடப்பாரை இருந்தது. அதையும் பார்த்தேன்.

நைனா முட்டியை விலக்கவில்லை. இலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"எல போட்டாச்சி. சாப்டு."

கிரேக்க நாட்டில் சாமி பிச்சைக்காரன் மாதிரி வருமாம். எங்கள் வீட்டுக்கு வந்தது சாமி இல்லை. அண்ணன் வரவேண்டிய இடத்தில் அவனைக் கொன்றவன் வந்து உட்கார்ந்தான். கூப்பிட்டு உட்கார வைத்தது நைனா. தண்ணீர் வைத்தது நான்.

சந்துக்குள் அவன் திரும்பியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சேகர் வந்தான். கூட ஏழெட்டுப் பேர். மைதானத்தில் நட வைத்திருந்த கொடிக் கம்புகள் கையில் இருந்தன.

"நைனா, அவன வெளிய அனுப்பு." அண்ணனின் கூட்டாளிகளுக்கும் அவர் நைனாதான்.

நைனா வாசலில் போய் நின்றார். "சாப்டுக்கினு கீறான்."

"யாருன்னு தெரிஞ்சிதான் சோறு போட்டியா?"

"போட்டப்பறம்தான் தெரிஞ்சிது."

"தெரிஞ்சப்பறம்?"

"எலையில குந்திட்டான்டா."

சேகர் உள்ளே எட்டிப் பார்த்தான். எங்கள் பக்கம் சாப்பிடுகிறவன்மேல் கை வைக்க மாட்டார்கள். குடித்துவிட்டு வருகிறவன்கூட, சாப்பிடுகிறவனைப் பார்த்தால் வாசலில் நின்றுதான் திட்டுவான். சேகருக்கும் அது தெரியும்.

"சரி. துன்னு முடிக்கட்டும். கை அலம்பினு வரட்டும். நாங்க இங்கதான் கீறோம்."

முருங்கை மரத்தடியில் குந்திக்கொண்டார்கள். ஒருத்தன் கம்பால் தரையில் கோடு போட்டான்.

நைனா உள்ளே வந்து அம்மாவிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

"போடு."

அம்மா போட்டாள். அவன் சாப்பிட்டான். மறுபடியும் போட்டாள். எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கை இலையில் இருக்கிறவரை அவனைத் தொட மாட்டார்கள். அதனால் அவன் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக என் அம்மா, என் அண்ணனுக்கு ஆக்கியதை எல்லாம் அவனுக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அவனுக்கு வேர்த்தது. விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்தான். ஒரு நிலையில் போதும் என்று இலைமேல் கையை விரித்து மறைத்தான்.

"கைய எட்றா" என்றாள் அம்மா.

எடுத்தான். போட்டாள். முகத்தைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்துப் போட்டாள். கோபத்தில் போட்டாளா, வேறு எதிலாவதா என்று நான் அவளைக் கேட்டதில்லை. ஒரு வருசமாக அவள் யாருக்கும் இரண்டாம் முறை சோறு போட்டு நான் பார்க்கவில்லை.

பானை காலி ஆனது. அம்மா ஒரு குண்டானை என் கையில் கொடுத்தாள்.

"நாலு ஊட்ல கேட்டு வாங்கினு வா."

"நானா?"

"நீதான். ஓடு."

என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான குண்டானைத் தூக்கியதில்லை. அதில் ஒன்றுமே இல்லை. முருங்கை மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இன்னா, மாப்ள விருந்தா?" என்றான் ஒருத்தன். "அண்ணனத் துன்னது பத்தலியாமா அவனுக்கு?"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

முதல் வீட்டு அத்தை கதவருகிலேயே நிறுத்தினாள். சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. "எங்க ஊட்ல சோறு இல்ல. இருந்தாலும் இல்ல. உங்க நைனாவுக்குச் சொரண இல்லன்னா எங்களுக்குமா இருக்காது?"

அடுத்த வீட்டு மாமா காலையிலேயே குடித்திருந்தார். "நில்லு பொண்ணு. இன்னும் எவ்ளோ துன்றானாம்? வவுத்த கிவுத்த வெடிக்க வெச்சிக் கொல்றீங்களா? அத்தச் சொல்லு, நானே ஆக்கிப் போடறேன்." கடைசியில் ஒரு தட்டு பழைய சோறு போட்டார். அவர் போட்டதுதான் எனக்கு இன்னும் மானக்கேடாக இருந்தது.

திரும்பிவிடலாம் என்று இருந்தேன். கேட்டேன், யாரும் தரவில்லை என்று சொல்லலாம். சேகர் பார்த்துக்கொள்வான். அப்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சேகர் அம்மா.

"எத்தினி பேரு குந்திக்கினு கீறாங்க?"

"எட்டுப் பேரு."

"எம்புள்ள கையில இன்னா வெச்சினு கீறான்?"

"கொடிக் கம்பு."

அவள் குண்டானைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் வீட்டுப் பானையை அப்படியே கவிழ்த்தாள். மேலே குழம்பை ஊற்றினாள். அவளும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை, அடுப்பில் பார்த்தால் தெரிந்தது.

"நிக்காத. ஓடு. தீந்து போச்சுன்னா வா, சக்கரப் பொங்கல் கீது, அதையும் போடலாம். உங்கம்மாகிட்ட சொல்லு, வுட்ராதன்னு."

சேகர் அம்மாவுக்கும் சொரணை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். மகன் வெளியே கம்போடு குந்தியிருக்கிறான். அம்மா உள்ளே இருப்பவனுக்குச் சோறு அனுப்புகிறாள். இந்த ஊருக்கு இன்று என்ன ஆனது என்று எனக்குப் புரியவில்லை. சேகர் இன்று ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பேரன் எடுத்துவிட்டான். பேரனைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு அவன் போவதைப் பார்க்கும்போது எப்போதாவது அவன் அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

நான் குண்டானோடு வந்தபோது மரத்தடியில் இருந்தவர்கள் சோற்றைப் பார்த்தார்கள். சேகர் குழம்பைப் பார்த்தான். அவன் வீட்டுக் குழம்பு அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தலையைத் திருப்பிக்கொண்டான்.

உள்ளே ஏழுமலை சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிசைவதும் சாப்பிடுவதில் சேர்த்தி என்று அம்மா விட்டுவிட்டாள் போல. நான் வந்ததும் மறுபடியும் போட்டாள்.

குழாயில் பாட்டு நின்றது. மைக்கில் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டம் எங்கள் ஊருக்கு. எதிர் டீம் கோட்டில் நிற்கிறதாம். "நம்ம ஊரு பசங்க எங்க? ஆறே பேரு போதும்பா. ஆறு பேருகூடவா இல்ல? நினைவுக் கோப்ப வெச்சவனே வர்லன்னா இன்னாபா அர்த்தம்?"

மரத்தடியில் அசைந்தார்கள். அண்ணன் பேரில் வைத்த ஆட்டத்தில் அண்ணன் டீம் இறங்காமல் தோற்றது என்று ஆகிவிடும். அதுவும் அவர்களுக்குத் தாங்காது. மைக்கில் இன்னொரு தரம் கூப்பிட்டதும் ஐந்து பேர் கம்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சேகரும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். ஒரு ஆளுக்கு மூன்று பேர் போதும்.

குண்டானும் காலி ஆகிவந்தது. ஏழுமலை வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டான். இன்னொரு வாய் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும். அம்மா செம்பை எடுத்தாள், கை அலம்ப.

"வேணாம்" என்றார் நைனா. "கை அலம்பாத. அப்படியே எழுந்திரு."

எழுந்தான். நைனா அவன் இடது மணிக்கட்டைத் தன் வலது கையால் பிடித்தார். அம்மா செம்பு நிறைய தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "பின்னாலயே போ."

வாசலில் சேகர் எழுந்து நின்றான். "முட்ச்சிட்டானா?"

"இன்னும் இல்ல" என்றார் நைனா. "கையப் பாரு."

ஏழுமலை வலது கையை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். விரலெல்லாம் சோறு. குழம்பு மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. அந்தக் கை சேகர் வீட்டுச் சோற்றால்தான் எச்சிலாகி இருந்தது.

"இது இன்னா நைனா நியாயம்?" சேகர் குரல் அழுகிற மாதிரி வந்தது. "செத்தவன் உம்புள்ளடா... உம்புள்ள நைனா."

நைனா அவனைத் தாண்டி நடந்தார். சேகர் கம்பை ஓங்கவில்லை, அது அவன் காலோடு ஒட்டியே இருந்தது.

வீட்டிலிருந்து மைதானம் ஒரு தெரு தூரம்தான். முன்னால் நைனாவும் அவனும், அவன் மணிக்கட்டு நைனா பிடியில். பின்னால் நான், செம்போடு. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முன்னும் பின்னும் செம்பு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுப் பிள்ளைகள் போவார்களே, அப்படி. எனக்குப் பின்னால் சேகரும் அந்த இரண்டு பேரும், கம்போடு. கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடியிலிருந்து ஒரு பெண், "யாரு அது? யாரு?" என்று கேட்டாள். கீழே இருந்தவள் சொன்னாள். மாடிக்காரி உள்ளே போய்விட்டாள்.

அழுதால் பார்க்கிறவர்கள் பாவம் என்பார்கள். அதற்காக அழாமல் இருந்தேன். செம்பு தளும்பிப் பாவாடை நனைந்தது. இந்தத் தெரு இப்போதே பிளந்துகொண்டால் போதும் என்று இருந்தது. அன்று முதல் பள்ளிக்கூடத்தில் எனக்குச் செம்பு என்று பேர். கல்யாணம் ஆகி ஊரை விட்டு வரும்வரை அதுதான் பேர். அண்ணன் பேரில் வைத்த கோப்பை சில வருசத்தில் நின்றுவிட்டது. அந்த மைதானத்தில் இப்போது கண்டெய்னர் நிற்கிறது. என் பேர் மட்டும் ஊரில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

மைதானத்தில், ஓடிவந்த ஐந்து பேரும் வேறு யாரோ ஒருத்தனுமாக ஆறு பேர் இறங்கி நின்றார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் மைக்கைக் கீழே இறக்கினார். கூட்டம் வழி விட்டது. துணியில் அண்ணன் படம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் போனோம்.

அவன் ஊர் டெம்போ கோவில் ஓரமாக நின்றது. அவன் ஊர்க்காரர்கள் அவனைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தார்கள். நைனா அவர்களுக்கு நடுவில் கொண்டுபோய் அவனை நிறுத்தினார். அவர்களில் பெரியவர் ஒருத்தர் நைனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நைனா அதைப் பார்க்கவில்லை.

என் பக்கம் இடது கையை நீட்டினார். செம்பைக் கொடுத்தேன். அவர் ஊற்றினார், அவன் வலது கையை நீட்டினான். சோறு கழன்று மண்ணில் விழுந்தது. கை சுத்தமாகும்வரை ஊற்றினார். வலது கையால் அவனைப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது.

"பெரிப்பா..." என்றான்.

"போ" என்றார். யாரையும் போய்ட்டு வா என்றுதான் அனுப்புவார்கள். நைனா போ என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கையை விடவில்லை. அவன் டெம்போவில் ஒரு கால் வைத்துவிட்டான். கையை விட்டால்தான் மற்றக் காலை வைக்க முடியும். நைனா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, இடது கையால் தன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். கொக்கியைக் கழற்றுகிற மாதிரி. அவன் மணிக்கட்டில் நகம் இறங்கிய இடமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. ஓரிடத்தில் வழிந்தது. வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் அவன் அதைச் சொல்லவே இல்லை.

டெம்போ போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேகர் கொஞ்ச தூரத்தில் நின்றான். அவன் கையில் கம்பு இல்லை. எங்கே போட்டான் என்று நான் பார்க்கவில்லை.

நைனாவின் வலது கை மடங்கியபடியே இருந்தது. விரித்தும் விரியவில்லை. இடது கையால் அதை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டார். சேகரைப் பார்த்துப் பயந்து கை இப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஊர் முழுக்கப் பார்க்க இவ்வளவு பயந்த மனுஷனுக்குப் பெண்ணாகப் பிறந்தோமே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நைனா பயந்துதான் இருந்தார். சேகரைப் பார்த்து இல்லை, தன் கையைப் பார்த்து.